முப்பத்தெட்டுப் பேரும் ஒரு முருகன் படமும்

மேலப்பொட்டல் கலவர வழக்கில் குற்றவாளிகள் மொத்தம் முப்பத்தெட்டுப் பேர். சட்டப்படி 'குற்றம் சாட்டப்பட்டவர்கள்' என்றுதான் சொல்ல வேண்டுமாம். எட்டு வருஷம் நடக்கிற வழக்கில் அவ்வளவு நீளமாகச் சொல்ல ஊரில் யாருக்கும் பொறுமை இல்லை.

வாய்தா அன்று காலையில் ஊரிலிருந்து இரண்டு வேன் தென்காசிக்குக் கிளம்பும். சலவை வேட்டியும் நெற்றி நிறைய திருநீறுமாக ஆண்கள் ஏறிக்கொள்வார்கள். உலகம்மை தன் புருஷனுக்கும் மகனுக்கும் புளிச்சோறு கட்டிக் கொடுத்து அனுப்புவாள். கோர்ட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, அடுத்த வாய்தா தேதியை வாங்கிக்கொண்டு சாயங்காலம் திரும்பி வருவார்கள். கல்யாண வீட்டுக்குப் போய்வந்த களை எல்லார் முகத்திலும் இருக்கும்.

உலகம்மையின் புருஷன் இசக்கிமணி முதல் குற்றவாளி. கோர்ட்டு பாஷையில் ஏ ஒன். மகன் சுந்தரபாண்டியன் கடைசி, ஏ முப்பத்தெட்டு. இந்த வரிசை எப்படி வந்தது என்பது ஊருக்கே தெரியும். கல்குவாரி ஷெட் எரிந்த அன்று பொழுது சாயும் நேரத்தில் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு ஒருவர் வந்தார். ஒரு வீட்டிலும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மேலதிகாரி போனில் பேர் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார். டீக்கடைச் சுவரில் அம்மன் கோவில் கொடை விழா நோட்டீஸ் ஒட்டியிருந்தது. விழாக் கமிட்டித் தலைவர் இசக்கிமணி என்று தொடங்கி, கோவிலுக்கு வரி கொடுக்கிற வரிதாரர்கள் எல்லாரையும் சொல்லி, இளைஞரணி சுந்தரபாண்டியன் என்று முடிகிற நோட்டீஸ். ஏட்டு அதை மேலிருந்து கீழ்வரை அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார்.

பன்னிரண்டாவதாக இருந்த வேலாண்டி செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பேரை எடுக்க மனசு வராமல் அவர் பிள்ளைகள் 'தெய்வத்திரு' சேர்த்துப் போட்டிருந்தார்கள். அவசரத்தில் ஏட்டுக்கு அது கண்ணில் படவில்லை. வேலாண்டி தலைமறைவாக இருப்பதாகப் பிடிவாரண்டு வந்து, இறப்புச் சான்றிதழைக் காட்டும்வரை ஒன்றரை வருஷம் போலீஸ் அவரைத் தேடியது.

நோட்டீசில் பெண்கள் பேர் போடுவது அந்த ஊர் வழக்கம் இல்லை. அதனால் வழக்கிலும் ஒரு பெண் பேர்கூட இல்லை. இதில் ஒரே ஒரு சங்கடம், ஷெட்டைக் கொளுத்தியது பெண்கள்தான்.

அன்று ஊரில் ஆண்களே கிடையாது. கொடைக்குத் தீர்த்தம் எடுக்க விடியற்காலையிலேயே குற்றாலத்துக்குப் போயிருந்தார்கள். நல்ல சாரல் காலம். அருவியில் ஒரு முழுக்குப் போட்டுக் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டு பத்து மணிக்குள் வந்துவிடுவதாகப் பேச்சு. இங்கே எட்டு மணிக்கு, கல்குவாரி லாரி ஒன்று பின்பக்கமாக வந்து ஊரில் இருந்த ஒரே குடிதண்ணீர்க் குழாயை முறித்துப் போட்டுவிட்டது. கொடைக்கு வந்த விருந்தாளிகள் வீடு நிறைய இருந்தார்கள். பெண்கள் காலிக் குடங்களோடு ரோட்டில் உட்கார்ந்தார்கள். மத்தியானம்வரை எந்த அதிகாரியும் எட்டிப் பார்க்கவில்லை. அதற்குமேல் உட்கார முடியாது என்று உலகம்மை எழுந்தாள். பின்னால் நாற்பது பேர் எழுந்தார்கள்.

குவாரி வாசலில் எடைமேடைக்குப் பக்கத்தில் ஓலை ஷெட் ஒன்று இருந்தது. லாரி போகவர எழுதுகிற நோட்டுகளெல்லாம் அங்கேதான் இருக்கும். காவலுக்கு இருந்த பிச்சைமணியிடம் பக்கத்து வீட்டு மாரித்தாய், "அண்ணாச்சி, நீங்க போயி நிதானமா ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்றாள். பிச்சைமணி நாற்பது பெண்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

நோட்டுகளைக் கொளுத்தத்தான் நினைத்தார்கள். ஓலையும் சேர்ந்து பற்றிக்கொண்டது. தீக்குச்சியைக் கிழித்தது உலகம்மை.

ஆண்கள் வந்து சேரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. மறுநாள் பேப்பரில் முப்பத்தெட்டுப் பேர் மீது வழக்கு என்று வந்தது. பதினோரு நாள் பாளையங்கோட்டை ஜெயிலில் இருந்தார்கள். அது ஒன்றும் பொய்யில்லை. வெளியே வந்தபோது மாலை போட்டார்கள். குவாரிக்காரன் லாரிகளை ஊருக்கு வெளியே வேறு பாதையில் விட்டான். இசக்கிமணிக்கு முதலில் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. அடுத்த தேர்தலில் பஞ்சாயத்துத் தலைவரானார். மேடையில் அன்றைய கதையைச் சொல்லிச் சொல்லி, தீக்குச்சியை எந்தக் கையால் கிழித்தார் என்பதுவரை இப்போது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. பெண்கள் கேட்டுச் சிரித்துக்கொள்வார்கள். பேரை அவர்களே வைத்துக்கொள்ளட்டும், வாய்தாவுக்கு அலைகிறவர்களும் அவர்கள்தானே என்று விட்டுவிட்டார்கள்.

இப்படியே போயிருக்கும். சுந்தரபாண்டியன் போலீஸ் வேலைக்குத் தேர்வானதில்தான் சிக்கல் வந்தது.

அவன் இரண்டு தடவை எழுதித் தோற்று, மூன்றாவது தடவை எழுத்துத் தேர்விலும் ஓட்டத்திலும் கயிறு ஏறுவதிலும் ஜெயித்திருந்தான். ஆனால் விசாரணையில் வழக்கு இருப்பது தெரிந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். அடுத்த தேர்வு வருவதற்குள் அவனுக்கு வயசு தாண்டிவிடும். சித்தப்பா, மாமன், ஒன்றுவிட்ட அண்ணன் என்று குடும்பத்தில் காக்கிச் சட்டை போட்டவர்கள் ஆறு பேர் இருந்தார்கள். அவர்களைப் பார்த்தே வளர்ந்த பையன். விடிகாலையில் ஓடுவதற்கு எழுந்து பழகியவன், நிறுத்தி வைத்த தகவல் வந்த பிறகும் அதே நேரத்தில் எழுந்து வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தான். உலகம்மைக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

தென்காசியில் ஹஃப்சா என்ற பெண் வக்கீல் இருந்தாள். வயசு முப்பதுகூட ஆகவில்லை. எல்லாருக்கும் சேர்த்து ஆஜராகிற பெரிய வக்கீலைக் கேட்காமல், உலகம்மை மகனுக்கு மட்டும் ஹஃப்சாவைப் பிடித்தாள். ஹஃப்சா கேஸ் கட்டைப் படித்துவிட்டு இரண்டே வார்த்தையில் சொல்லிவிட்டாள்.

"அக்கா, கேஸ் எப்படியும் விடுதலைதான். பார்த்தோம்னு சொல்லுத சாட்சி ஒருத்தரும் இல்ல. ஆனா சந்தேகத்தின் பலனைக் குடுத்து விடுதலைன்னு தீர்ப்பு எழுதுவாவ. அது போலீஸ் வேலைக்கு ஆவாது."

"விடுதலைன்னா விடுதலைதானம்மா?"

"இல்லக்கா. செஞ்சிருக்கலாம், நிரூபிக்க முடியலன்னு அர்த்தம். இவன் செய்யவே இல்லன்னு தீர்ப்புல வரணும். அப்பதான் எடுப்பாவ."

"அவன் செய்யல. குத்தாலத்துல இருந்தான். எல்லாரும் அங்கனதான் இருந்தாவ."

"அதைச் சொன்னா, அப்பம் யாரு வெச்சான்னு கேப்பாவளே."

உலகம்மை சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, தான்தான் வைத்ததாகச் சொன்னாள். ஹஃப்சா சிரித்தாள். பெற்ற மனசு என்று நினைத்துவிட்டாள். மகனுக்காகத் தாய் பழியை ஏற்கிறாள் என்றுதான் கோர்ட்டும் நினைக்கும், இதை யாரும் நம்ப மாட்டார்கள் என்றாள். உலகம்மைக்கு ரோஷம் வந்துவிட்டது. எட்டு வருஷமாக யார் எந்தப் பேரைத் தட்டிக்கொண்டு போனாலும் வராத ரோஷம்.

"ஏன், நான் வெச்சா பத்தாதா? படம் இன்னும் என் வீட்டுலதான் இருக்கு" என்றாள்.

"என்ன படம்?"

ஷெட்டுக்குள் ஒரு முருகன் படம் மாட்டியிருந்தது. கண்ணாடி போட்ட பெரிய படம், கீழே குவாரிக் கம்பெனி பேர். தீ வைப்பதற்கு முன்னால் உலகம்மை உள்ளே போய் பிச்சைமணியின் தூக்குவாளியை எடுத்து வெளியே வைத்தாள். நாற்காலியை எடுத்து வைத்தாள். பிறகு படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தாள். சாமியை உள்ளே வைத்துக்கொண்டு யாராவது தீ வைப்பார்களா? தூக்குவாளியையும் நாற்காலியையும் மறுநாள் பிச்சைமணி எடுத்துப் போனார். படத்தை மட்டும் குவாரிக்காரனிடம் திருப்பிக் கொடுக்க வழியில்லை. எங்கேயாவது போடவும் மனசு இல்லை. அடுப்படியில் மாட்டி, எட்டு வருஷமாக வெள்ளி செவ்வாய்க்கு விளக்கேற்றி வந்தாள்.

ஹஃப்சா கட்டைப் புரட்டி, சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதிய மகஜரை எடுத்தாள். எரிந்துபோன சாமான்களின் பட்டியலில் ஏழாவதாக இருந்தது: சுவரில் மாட்டியிருந்த முருகன் படம் ஒன்று, முற்றிலும் சாம்பல். அவள் பேனாவை மூடி வைத்தாள். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"அக்கா, இந்தப் படம் உங்க பிள்ளையை வெளிய எடுத்துரும். உங்களை உள்ள தள்ளிரும். தெரிஞ்சுதான் பேசுதியளா?"

"தெரியும்" என்றாள் உலகம்மை. உண்மையில் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் வாசலில் சும்மா உட்கார்ந்திருக்கிற பையன் கண்முன்னால் வந்தான்.

விஷயம் இரண்டு நாளில் ஊருக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் கோவில் முன்னால் ஆண்கள் கூடினார்கள். ஜெயிலுக்கு அவர்கள் பயப்படவில்லை. அவர்கள் பயந்தது வேறு ஒன்றுக்கு. அன்று பத்து மணிக்குள் ஊர் திரும்ப வேண்டியவர்கள் சாயங்காலம்வரை குற்றாலத்தில் என்ன செய்தார்கள் என்பது கோர்ட்டில் எழுத்தில் ஏறிவிடும். கொடைக்கு இருபத்தோரு நாள் விரதம். கவுச்சி கூடாது. இவர்களோ அருவிக்கரையில் ஆளுக்கு ஒரு மாலிஷ்காரரைப் பிடித்து எண்ணெய் தேய்த்துக்கொண்டு, குளித்த பசியில் மாநில எல்லையோரத்துப் பார்டர் கடைக்குப் போய்க் கோழியும் புரோட்டாவும் தின்றிருந்தார்கள். தீர்த்தக் குடங்கள் அதுவரை வேனிலேயே இருந்தன. இது பெண்களுக்கு அன்றைக்கே வாடையில் தெரிந்துவிட்டது. தெரியும் என்பதை அவர்கள் சொல்லிக்கொள்ளவில்லை.

இசக்கிமணி வீட்டுக்கு வந்து நல்லவிதமாகத்தான் ஆரம்பித்தார்.

"ஏட்டி, ரெண்டு வாய்தால எல்லாரும் விடுதலை. பெரிய வக்கீல் எல்லாம் பேசி வெச்சிருக்காரு. நீ போயி குட்டையைக் குழப்பாத."

"நம்ம பிள்ளைக்கு அந்த விடுதலை ஆவாதாம்."

"அவனுக்குத் தென்காசியில ஒரு கடை வெச்சுக் குடுக்கேன்."

"அவன் கடைக்கா ஓடிப் பழகினான்?"

இசக்கிமணி குரலைத் தாழ்த்தி, "ஊர்ல என்னைய என்ன நினைப்பாவ?" என்றார். எட்டு வருஷத்தில் அவர் கேட்ட நேர்மையான கேள்வி அது ஒன்றுதான். உலகம்மைக்கு அவர்மேல் இரக்கமாகக்கூட இருந்தது. ஆனாலும் முடிவை மாற்றவில்லை. சுந்தரபாண்டியன் மட்டும் பின்கட்டில் வந்து நின்று, "யம்மா, எனக்கு வேலை வேண்டாம். நீ உள்ள போவாத" என்றான். "போலே, வாய மூடு. போயி ஓடிட்டு வா" என்றாள்.

சாட்சிக் கூண்டில் உலகம்மை ஏறியபோது மணி பதினொன்றேகால். படம் வயர்கூடைக்குள் துண்டில் சுற்றியிருந்தது. நீதிபதி வழுக்கைத் தலையும் அலுப்புமாக இருந்தார். முப்பத்தேழு ஆண்களும் சுவரோரமாக வரிசையாக நின்றார்கள், நோட்டீசில் இருந்த அதே வரிசையில்.

ஹஃப்சா கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். நோட்டீஸைக் காட்டியபோது நீதிபதி அதையும் குற்றப்பத்திரிகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் ஓட்டிப் பார்த்தார். பன்னிரண்டாவது பேரில் விரல் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

அரசு வக்கீல் எழுந்தார்.

"பத்து மணிக்கு வரவேண்டியவங்க சாயங்காலம்தான் வந்தாங்கன்னு சொல்றீங்க. அதுவரைக்கும் குற்றாலத்தில்தான் இருந்தாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

உலகம்மை சுவர்ப்பக்கம் பார்க்கவில்லை. "எண்ணெய் தேச்சுக் குளிச்சிட்டு, பார்டர்ல கோழி தின்னாவ. சட்டையெல்லாம் வாடை. நான்தான் தொவைச்சேன்" என்றாள்.

முப்பத்தேழு தலையும் குனிந்தது. பின்பெஞ்சில் இருந்த மாரித்தாய்க்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"என் மவன் மட்டும் தின்னல" என்று உலகம்மை சேர்த்துக்கொண்டாள். அன்று அவள் சத்தியம் செய்துவிட்டுச் சொன்னதில் உறுதியில்லாதது இது ஒன்றுதான்.

"ஊர்ல ஆம்பிளையே இல்லைன்னா தீ வெச்சது யாரும்மா?"

"நாங்கதான். குச்சி கிழிச்சது நான்."

அரசு வக்கீல் நீதிபதியைப் பார்த்துப் புன்னகைத்தார். மகனைக் காப்பாற்ற ஒரு தாய் சொல்லும் பொய் என்று நீளமாகச் சொல்லத் தொடங்கினார். அவர் முடிக்கும்வரை உலகம்மை பொறுமையாக இருந்தாள். பிறகு வயர்கூடையில் கையை விட்டுப் படத்தை எடுத்துக் கூண்டு விளிம்பில் வைத்தாள். அடுப்புப் புகை ஏறிய கண்ணாடிக்குப் பின்னால் முருகன் மயிலோடு நின்றார். கீழே குவாரிக் கம்பெனி பேர் தெளிவாக இருந்தது.

"இது எரிஞ்சு போச்சுன்னு எழுதியிருக்காவ. எரியல. நான் எடுத்த பொறவுதான் தீ வெச்சேன்."

ஹஃப்சா வெளியே உட்கார வைத்திருந்த பிச்சைமணியைக் கூப்பிடச் சொன்னாள். ஏற்கெனவே ஒருமுறை சாட்சி சொன்னவர்தான். தான் டீ குடிக்கப் போயிருந்ததாகவும் யாரையும் பார்க்கவில்லை என்றும் அப்போது சொல்லியிருந்தார். அவர் படத்தைக் கையில் வாங்கித் திருப்பினார். பின்பக்கத்து அட்டையில் பென்சிலால் ஒரு தேதியும் நேரமும் எழுதியிருந்தது. மகள் பிறந்த தகவல் போனில் வந்தபோது வேறு தாள் கையில் கிடைக்காமல் அங்கே குறித்து வைத்ததாம்.

"நேரம் தொலைஞ்சதால இதுவரைக்கும் பிள்ளைக்குச் சாதகம் எழுதலய்யா" என்றார் நீதிபதியிடம். ஒரு துண்டுக் காகிதம் கேட்டு வாங்கி, அங்கேயே பார்த்து எழுதிக்கொண்டார். அதன் பிறகு அரசு வக்கீல் புன்னகைக்கவில்லை.

தீர்ப்பு அடுத்த மாதம் வந்தது. இவர்கள் சம்பவ இடத்திலேயே இல்லை என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிவதால் குற்றமற்றவர்கள் என முப்பத்தேழு பேரும் விடுதலை. வேலாண்டிக்கும் ஒரு வரி எழுதியிருந்தார்கள். உண்மையில் தீ வைத்தவர்கள் பற்றிப் புதிதாக விசாரிக்க உத்தரவு. படம் சான்றுப் பொருளாகக் கோர்ட்டிலேயே தங்கிவிட்டது. உலகம்மை அதைக் கேட்டுப் பார்த்தாள், தர முடியாது என்றார்கள்.

ஊரில் கொஞ்ச நாள் வெளிப்படையாகவே சிரிப்பு நடந்தது. டீக்கடையில் யாராவது புரோட்டா என்றால் போதும், ஆண்கள் எழுந்து போய்விடுவார்கள். கோவிலில் எல்லாருமாகச் சேர்ந்து அபராதம் கட்டி, அம்மனிடம் விழுந்து கும்பிட்டார்கள். இசக்கிமணி மேடை ஏறுவதை நிறுத்தினார். உலகம்மையிடமும் பேச்சு இல்லை. சோற்றைப் போட்டால் சாப்பிடுவார், எழுந்து போய்விடுவார். அது அவளுக்கு வலித்தது. சுந்தரபாண்டியனுக்கு உத்தரவு வந்து பயிற்சிக்குப் போன அன்று மட்டும், அவர் பஸ் ஸ்டாப்வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

கார்த்திகையில் ஒரு மத்தியானம் ஸ்டேஷனிலிருந்து பெண் போலீஸ் ஒருத்தி சம்மனோடு வந்தாள். வாசலில் இருந்த இசக்கிமணி, பழக்க தோஷத்தில் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையை நீட்டினார்.

"உங்களுக்கு இல்ல அண்ணாச்சி" என்றாள் அந்தப் பெண். "ஏ ஒன் உலகம்மை. அவங்க இருக்காங்களா?"

நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. உலகம்மை ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டு வாங்கினாள். மாரித்தாயும் இருந்தாள் பட்டியலில், நான்காவதாக. போலீஸ் விசாரணைக்கு வந்தபோது ஊர்ப் பெண்கள் தாங்களாகவே சொல்லிக் கொடுத்த பேர்கள் அவை. எழுத்துப்பிழைகூட இல்லை.

பெண் போலீஸ் போன பிறகு உலகம்மை அடுப்படிக்குப் போய் உட்கார்ந்தாள். படம் இருந்த இடத்தில் சுவர் சதுரமாக வெளுத்திருந்தது. கீழே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது.

இசக்கிமணி வந்து நிலைப்படியில் நின்றார். மூன்று மாதத்துக்குப் பிறகு பேசினார்.

"வாய்தா என்னைக்கு?"

"பதினாலாம் தேதி."

"எட்டரை பஸ்ஸுக்குப் போனா போதும். பதினோரு மணிக்கு முன்னால கூப்பிட மாட்டான். மூணு தடவ பேரைச் சொல்லிக் கூப்பிடுவான், மொதத் தடவையே கையத் தூக்கிரணும். கூண்டுக்குள்ள ஃபேன் காத்து வராது. வலதுபக்கம் ஒதுங்கி நின்னா சன்னல் காத்து கொஞ்சம் வரும்."

"சரி."

"பயப்படாத. எட்டு வருசம் போய்வந்திருக்கேன், நான் கூட வாரேன்."

அவள் தலையை ஆட்டினாள். அவர் போகாமல் அங்கேயே நின்றார். அலமாரியில் இருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து மூடினார். எதையோ தேடுகிறவர் மாதிரி இருந்தது.

"ஏட்டி" என்றார். "புளிச்சோத்துக்கு எள்ள வறுத்துப் போடணுமா, வறுக்காமலா?"